அந்தக் கார் நின்ற இடம்

அமெரிக்காவில் ‘ஹாட் ராட்’ என்றொரு வண்டிப் பித்து உண்டு. பழைய போர்டு காரை வாங்கி, மட்கார்டையும் பானெட்டையும் கழற்றிப்போட்டு எடையைக் குறைத்து, எஞ்சினைப் பலப்படுத்திப் பறக்கவிடுவது. இந்தப் பித்தர்களுக்கு 1932ஆம் ஆண்டு போர்டுதான் ராஜா. சாதாரணக் குடும்பம் வாங்கும் விலையில் வி8 எஞ்சினோடு வந்த வண்டி. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் தொடங்கிய இந்த விளையாட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டு ஷெட்டுகளுக்குள் பரவியது. 1948இல் இதற்கென்றே ஒரு பத்திரிகை வந்தது.

அந்தக் கார்களைத்தான் பேரப்பிள்ளைகள் இன்று துரு சுரண்டி, பெயின்ட் அடித்து மீட்டெடுக்கிறார்கள். தாத்தா கட்டியது, அப்பா தார்ப்பாய் போட்டு மூடியது, பேரன் ஓட்டுவது. பார்க்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கண் காரின் மேல் நிற்பதில்லை, அது இத்தனை காலம் நின்ற இடத்துக்குப் போய்விடுகிறது.

ஓடாத ஒரு காரை எழுபது வருடம் வைத்திருக்க என்ன வேண்டும்? சொந்த வீடு வேண்டும். அந்த வீட்டிலிருந்து யாரும் விரட்டாமல் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரும்பை எடைக்குப் போடும் நிலை ஒருமுறைகூட வராமல் இருக்க வேண்டும்.

அந்த வீடு எப்படி வந்தது? 1934இல் உருவான அமெரிக்கக் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வங்கிக் கடன்களுக்கு உத்தரவாதம் தந்தது. கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு அதை மறுத்தது. 1944இல் போர்வீரர்களுக்கான சலுகைச் சட்டம் வந்தது. கறுப்பின வீரர்களில் பெரும்பாலோர் வீட்டுக் கடன் கிடைக்காமலே திரும்பினார்கள். 1947இல் நியூயார்க் அருகே எழுந்த லெவிட்டவுன் குடியிருப்பின் ஒப்பந்தத்தில், வெள்ளையர் அல்லாதோர் வசிக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. இந்த விலக்கை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களும் வீட்டு வாசலில் கார் கட்டினார்கள். வெள்ளைப் பையன்கள் வேகத்துக்குக் கட்டினால், இவர்கள் தாழ்வாக, மெதுவாகப் போவதற்குக் கட்டினார்கள். ஊரே பார்க்கட்டும் என்று. ‘லோ ரைடர்’ என்று பெயர். 1958இல் சட்டம் வந்தது: காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. மறு வருடமே ரான் அகிரே என்ற இளைஞர், விமானங்களிலிருந்து கழித்த ஹைட்ராலிக் பம்புகளைத் தன் காரில் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் கார் உயரும், போலீஸ் போனதும் இறங்கும். பிறகு மெதுவாக ஊர்வலம் போவதற்கே பல நகரங்கள் தடை போட்டன. அந்தத் தடைகளை நீக்கும் மாநிலச் சட்டம் 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே ஜெஸ்ஸி வலதேஸ் என்பவர் ரோஜாப் பூக்கள் வரைந்து கட்டிய 1964 இம்பாலா கார், 2017இல் வாஷிங்டனில் தேசியச் சின்னங்களுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு நின்றது.

இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம் உண்டு. பைக் மேல் ஆசைப்படும் சேரிப் பையன்களைப் பார்த்து ‘நுகர்வு வெறி’ என்று முகம் சுளிக்கிறார்கள், நம் தோழர்களில் சிலர். நாம் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஊர்த் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் வளர்ந்தவர்கள் நம் தாத்தாக்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்கிறது புகார். வண்டி என்பது வெறும் பொருள் என்றால், அவர்கள் ஏன் கையை வெட்டுகிறார்கள்? தவணையில் புது பைக் வாங்கித் திண்டாடுவதைப் பற்றிப் பேசலாம், பேசவும் வேண்டும். அது வேறு விவாதம்.

தொகுப்பு வீட்டுக்கு ஷெட் கிடையாது. வாசலை விட்டு இறங்கினால் சாக்கடை. ஆனாலும் பல வீடுகளில், வேப்பமரத்தடியிலோ ஆட்டுக் கொட்டகை ஓரத்திலோ ஒரு டிவிஎஸ் 50 சாய்ந்து கிடக்கும். அந்தக் குடும்பத்தில் முதல்முதலாகத் தெருவில் இறங்காமல் போன ஆள் ஓட்டிய வண்டியாக அது இருக்கலாம். பழைய இரும்புக்காரர் தருவது சில நூறு ரூபாய். அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவுங்கள், ஸ்பார்க் பிளக்கை மாற்றுங்கள். டேங்கில் துரு இருந்தால் சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். பெரிய ரிப்பேர் என்றால் பழைய மெக்கானிக் ஒருவரைப் பிடியுங்கள். அப்படியே வண்டி யாருடையது, எந்த வழியாகப் போனது என்று பாட்டியிடம் கேட்டு எழுதிவையுங்கள். ஆர்.சி. புத்தகம் தாத்தா பெயரிலேயே இருந்தால், இறப்புச் சான்றிதழோடு படிவம் 31 நிரப்பி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். இதில் அலைச்சல் அதிகம். சான்றிதழ் கிடைக்காமல் நிற்பவர்கள் எழுதுங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.