நின்று மூச்சு வாங்கு, பிறகு அடி!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியபோது, "நீ எதைப் பற்றி எழுதப் போகிறாய்?" என்று வகுப்புத் தோழன் கேட்டான். "கணிப்பொறி விளையாட்டைப் பற்றி" என்றேன். அவன் நகைத்தான். "அணுசக்தியைப் பற்றி எழுது, வரதட்சணைக் கொடுமையைப் பற்றி எழுது, அச்சிலாவது ஏறும்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. ஆயினும், இந்த ஓராண்டில் என் வீட்டுக்கு மிகுதியான வாக்குவாதத்தையும், எனக்கு மிகுதியான மகிழ்ச்சியையும், கூடவே ஓர் ‘அரியர்’ தாளையும் தந்த ஒன்றை விட்டுவிட்டு, எனக்கு எந்தத் தீங்கும் செய்யாத அணுசக்தியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது என்று கருதுகிறேன்.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா காய்கறிச் சந்தையில் மூட்டை சுமப்பவர். அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, அவள் திருமணமாகிப் போன பின் என் கைக்கு வந்தது. அதன் பேட்டரி எப்போதோ உயிரை விட்டுவிட்டது. மின்சாரம் இருந்தால்தான் அதற்கு உயிர். இன்றைய புது விளையாட்டுகள் அதில் ஓடா. எனவே பழையதைத் தேடினேன். கிடைத்தது ‘மாரோவிண்ட்’. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்ற வரிசையில் மூன்றாவது. அமெரிக்காவின் ‘பெதெஸ்டா’ நிறுவனம் 2002-இல் வெளியிட்டது. அதாவது, நான் பிறப்பதற்கு முன்பே பிறந்த விளையாட்டு! ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிய கூலியில், தள்ளுபடி நாள் ஒன்றில் அதை வாங்கினேன்.

இதே வரிசையில் 2011-இல் வந்த ‘ஸ்கைரிம்’ உலகப் புகழ் பெற்றது. வசதியுள்ள நண்பர்கள் அதைத்தான் ஆடுகிறார்கள். நான் ஏழைமையால் பழையதற்கு வந்தேன். இப்போது விரும்பியே அதில் இருக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கதை இதுதான். நீ ஒரு கைதி. கப்பலில் கொண்டுவந்து ‘வார்டன்ஃபெல்’ என்ற தீவில், ‘செய்டா நீன்’ என்னும் சதுப்புநிலச் சிற்றூரில் இறக்கி விடுகிறார்கள். என்ன குற்றம் செய்தாய் என்று எவரும் சொல்வதில்லை. பதிவு அலுவலகத்தில் ஒரு கிழவர் உன் தொழில் என்ன, எந்த நட்சத்திரத்தில் பிறந்தாய் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். இனங்கள் 10, பிறந்த ராசிகள் நம்மிடம் 12, அவர்களிடம் 13. கல்லூரியில் சேர்க்கைப் படிவம் நிரப்பிய நாள் என் நினைவுக்கு வந்தது. பிறகு 87 பொற்காசுகளும் ஒரு கடிதப் பொதியும் தந்து, "பால்மோரா நகரில் கேயஸ் கொசேட்ஸ் என்பவரிடம் இதைக் கொடு" என்று வெளியே விடுகிறார்கள். கதவு திறக்கிறது. அவ்வளவுதான்! எங்கே போவது, எப்படிப் போவது? இடப்பக்கம் போனாலும் சரி, வலப்பக்கம் போனாலும் சரி, கதையையே விட்டுவிட்டு மீன் பிடிக்கும் ஊரில் ஒரு மாதம் தங்கினாலும் சரி, கேட்பாரில்லை.

நான் என்ன செய்தேன்? வீரனாக வேண்டும் என்ற ஆசையில் நீண்ட வாளில் தேர்ச்சியுள்ள போர்வீரன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கையில் அகப்பட்ட சிறு கத்தியைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரம் ஓடினேன். அங்கே ஒரு நண்டு. ஆம், நண்டுதான்! பத்துமுறை குத்தினேன். கத்தி அதன் மேல் படுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு குத்தும் பலிக்கவில்லை. நண்டு என்னைக் கொன்றுவிட்டது. மறுபடி தொடங்கினேன், மறுபடி செத்தேன். விளையாட்டில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து மூடி வைத்தேன்.

மறுநாள் இரவு மீண்டும் முயன்றபோது அப்பா பின்னால் வந்து நின்றார். சந்தையிலிருந்து வந்து குளித்துவிட்டு, துண்டால் தலை துவட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா இது, பாடமா?"

"பாடம் மாதிரிதான்பா" என்றேன். (இந்தப் பொய்யின் பலனைப் பின்னால் அனுபவித்தேன்.)

சிறிது நேரம் கழித்து அவர் சொன்னார்: "இவன் அவ்வளவு தூரத்திலேருந்து மூட்டை முடிச்சோட ஓடி வர்றான். வந்த வேகத்துல அடிக்கிறான். எப்படிடா அடி விழும்? நின்னு மூச்சு வாங்கிட்டு அடிக்கச் சொல்லு."

நண்பர்களே, கையேடு ஒரு பக்கம் முழுக்க எண்களால் விளக்குவதை எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தை ஒரு பார்வையில் கண்டுவிட்டார்! திரையின் கீழே சிவப்பு, நீலம், பச்சை என மூன்று கோடுகள் உண்டு. சிவப்பு உயிர், நீலம் மந்திர ஆற்றல், பச்சை தெம்பு. சிவப்பையே பார்த்துக்கொண்டிருப்பது புதியவர்களின் பிழை. பச்சைதான் எல்லாம். ஓடினால் அது குறையும்; சுமையோடு ஓடினால் விரைவாகக் குறையும்; நின்றாலோ நடந்தாலோ ஏறும். ஓங்கிய கை பலிக்குமா பலிக்காதா என்பதை உள்ளே ஒரு தாயக்கட்டை தீர்மானிக்கிறது. அந்தக் கட்டையின் சாய்வு, உன் ஆயுதத் தேர்ச்சியையும் பச்சைக் கோட்டையும் பொறுத்தது. மந்திரம் பலிப்பதும் அப்படியே. இன்னும் வேடிக்கை, கடையில் பேரம் பேசுவதும் அப்படியே. மூச்சிரைக்க வந்து பேரம் பேசுபவனுக்கு எந்த ஊரிலும் விலை குறைவதில்லை போலும்.

ஆக, முதல் செய்தி: எதில் தேர்ச்சி என்று எழுதிக் கொடுத்தாயோ அந்த ஆயுதத்தையே வாங்கு. ஊரிலுள்ள ஒரே கடையில் மலிவான வாள் கிடைக்கும். காசில்லையே என்றால், பதிவு அலுவலக முற்றத்துப் பீப்பாய்க்குள் ஒரு மோதிரம் கிடக்கும். வெளியே வந்ததும் ஃபார்காத் என்னும் குள்ளமான ஆள் அது தன்னுடையது என்பான். விற்றுவிடலாம் என்று ஆசை வரும். நான் திருப்பிக் கொடுத்தேன். அவனும் கடைக்காரரும் நண்பர்கள் என்பதால் கடையில் எனக்கு மதிப்பு உயர்ந்தது. நேர்மைக்குப் பரிசு என்று மார்தட்ட வேண்டாம். அதே ஃபார்காத் இரவில் காசைச் சதுப்பில் எங்கே பதுக்குகிறான் என்று ஒளிந்திருந்து பார்க்கும் வேலையையும் நான்தான் செய்தேன்.

சுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடல் வலிமையின் ஐந்து மடங்குதான் நீ தூக்கலாம். 40 வலிமை என்றால் 200 அளவு. அதற்கு மேல் ஓர் அவுன்ஸ் ஏறினாலும் நின்ற இடத்திலேயே சிலையாகிவிடுவாய். கண்டதையெல்லாம் பொறுக்கும் புதியவர்கள் குகைக்குள் அசைய முடியாமல் நின்று விழிப்பர். எடை குறைந்து விலை மிகுந்ததை எடு. தட்டையும் தம்ளரையும் விட்டுவிடு.

இனி, பழையதே மேல் என்று நான் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன். ஸ்கைரிம்மில் போக வேண்டிய இடத்தை ஓர் அம்புக்குறி காட்டிவிடும். அதன் பின்னே போனால் போதும்; ஊரைப் பார்க்க வேண்டியதில்லை. மாரோவிண்டில் அம்புக்குறி கிடையாது. வழி கேட்க வேண்டும். சொன்னதை நினைவில் வைக்க வேண்டும். அங்கே மனிதர்கள் பெரும்பாலும் எழுத்தாலேயே பேசுகிறார்கள், படித்தால்தான் பிழைப்பு.

பால்மோராவில் கேயஸைக் கண்டபோது அவர் சட்டையில்லாமல் நிற்கிறார். "நீ இன்னும் கற்றுக்குட்டி, போய் ஏதாவது வேலையில் சேர்ந்து பழகி வா" என்று 200 காசு தருகிறார். பின்னர் ஒருவரிடம் அனுப்ப, அவர் பழைய ‘ட்வெமர்’ இனத்தாரின் சிறு புதிர்ப்பெட்டி ஒன்றை ஆர்க்ங்தாண்ட் என்ற இடிபாட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிறார். நகருக்குத் தெற்கே போ, கிழக்கே கோட்டையைத் தாண்டு, எரிமலைக் குழம்பு ஓடிய பள்ளத்தின் மீது பழைய பாலம் வரும், அதைக் கட என்பது வழி. நான் கிழக்கையும் மேற்கையும் மாற்றிக்கொண்டு இரண்டு இரவுகள் அலைந்தேன். இடிபாட்டை அடைந்தால் கதவு திறக்கவில்லை. பக்கத்துக் குழாயிலுள்ள திருகைச் சுழற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க ஓர் இரவு. உள்ளே போனால் பெட்டி எங்கே? நான் பேழை அளவில் தேடினேன். அது அலமாரியில் கைக்கடக்கமாக இருந்தது! கண்டெடுத்தபோது வீட்டில் அனைவரும் உறங்கிக்கொண்டிருந்தனர். கூவ முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். முதல் பருவத்தில் ஆங்கில நூலைக் கண்டு அஞ்சினேன். அகராதியோடு நான் முழுதாகப் படித்த முதல் ஆங்கிலம் பாடநூலில் இல்லை. வார்டன்ஃபெல் மக்கள் சொன்ன வழிகளிலும் வதந்திகளிலும்தான் இருந்தது. அவர்கள் வெளியூர்க்காரனை ‘அயலான்’ என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். முதலாண்டில் ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைத் தலைகீழாகப் பிடித்தபோது எவரும் என்னை அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லைத் திரையில் படித்தபோது எனக்கு அகராதி தேவைப்படவில்லை. (அயலான் அல்லாமலும் உணர்ந்த இடம் ஒன்று உண்டு. பால்மோராவின் நடுவே ஓடும் ஆற்றின் பெயர் ‘ஓடாய்’. எழுத்துக் கூட்டிப் படித்தால் நம் ‘ஓடை’! தற்செயல்தான், ஆனாலும் தனியே சிரித்தேன்.)

இதனால் விளையாட்டு அறிவை வளர்க்கும் என்று நான் வாதாடப் போகிறேன் என எண்ணாதீர்கள். இரண்டாம் பருவத் தேர்வுக்கு முந்தைய வாரமும் நான் அந்தத் தீவில்தான் இருந்தேன். துணைப்பாடமான கணிதத்தில் தோற்றேன். "அரியர் விழுந்துவிட்டது" என்று வீட்டில் சொன்னேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. "நல்லதுதானேடா! சந்தைக்கு வர்ற ஆபீஸ்காரங்க எல்லாம் அரியர் வந்துச்சுன்னு சந்தோஷமா சொல்றாங்களே, எவ்வளவு வரும்?" என்றார். அதன் பொருளை அவருக்கு விளக்கிய அந்த ஐந்து நிமிடத்தை எந்த ஆட்டத்திலும் பழைய பதிவுக்குப் போய்த் திருத்த முடியாது. அவர் திட்டவில்லை. "அப்ப அது பாடமில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

சுமக்க ஒருவர், படிக்க ஒருவன் என்று வீடு பங்கிட்டுக்கொண்ட பின், விளையாட இவனுக்கு என்ன உரிமை என்று கேட்பவர்கள் உண்டு. நானே பல இரவு கேட்டிருக்கிறேன். என் கருத்து இதுதான்: உரிமை உண்டு. நாவல் படிப்பவனுக்கும் சினிமா பார்ப்பவனுக்கும் எவ்வளவு உண்டோ அவ்வளவு. ஆனால் அதைப் பாடம் என்று சொல்லும் உரிமை இல்லை. என் தவறு விளையாடியதன்று. பொய் சொன்னதும், நேரம் பார்க்காததும்.

புதிதாகத் தொடங்கும் தோழர்கள் என்னிடம் வந்து, எந்தக் குகையில் நல்ல வாள் இருக்கிறது என்று முதலில் கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன். முதல் பத்து மணி நேரம் யாரையும் கேட்காதே, தொலைந்து போ. ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வை. விளையாட்டுக்குள்ளேயே நாட்குறிப்பு உண்டு. ஆனால் சொந்தக் கையால் எழுதிய வழி மறப்பதில்லை. ஆட்டத்தை அடிக்கடி பதிவு செய், அதுவும் வெவ்வேறு பெயரில். முக்கியமான ஒருவரைக் கொன்றுவிட்டால் கதை அறுந்தது என்று அது அறிவிக்கும். பழைய பதிவு இருந்தால் மீளலாம். என் மடிக்கணினிக்கோ மின்வெட்டே பெரும் பகைவன். ஆனால் சின்னத் தோல்விக்கெல்லாம் பின்னோக்கி ஓடாதே. திருடி அகப்பட்டாயா? அபராதம் கட்டு. செய்டா நீனிலிருந்து நடந்து போனால் வழியில் ஒருவன் வானத்திலிருந்து அலறிக்கொண்டு விழுந்து சாவான்; அவன் பையில் மூன்று மந்திரச் சுருள்கள் இருக்கும். அவை என்ன செய்யும் என்பதை நீயே படித்துப் பார். அவன் ஏன் செத்தான் என்பதையும் யோசித்துப் பார்.

நவம்பரில் கணிதத் தாளைத் திரும்ப எழுதினேன், 52 வாங்கினேன். முடிவு வந்த அன்று இரவு, ஏழு மாதங்களுக்குப் பிறகு மடிக்கணினியைத் திறந்தேன். இம்முறை அப்பாவை நானே அழைத்து, "இது பாடமில்லை, விளையாட்டு" என்று சொல்லிக் காட்டினேன். அந்தத் தீவின் ஊர்ப் பேருந்து ‘சில்ட் ஸ்ட்ரைடர்’ என்ற பூச்சி. தென்னைமரத்தைவிட உயர்ந்த கால்கள். அதன் ஓட்டைக் குடைந்து ஆட்கள் உட்காருவார்கள்; உள்ளே தெரியும் சதையைத் தொட்டுத் தொட்டு ஓட்டுவார்கள். சில காசுகள் கொடுத்தால் பால்மோராவுக்குப் போகலாம் என்றேன்.

அப்பா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் காசு யாருக்குடா போகுது? இதுக்கா, ஓட்டறவனுக்கா?"

"ஓட்டறவருக்குத்தான்பா" என்றேன்.