ஓடாத பந்தயம்

குதிரைப் பந்தயம் என்றதுமே, குடும்பத்தைக் கெடுக்கும் சூதாட்டம் என்று முகஞ் சுளிக்கும் நேயர்கள் பலர் உண்டு. நாமும் அந்தக் கட்சிதான். ஆனால் பந்தயம் நின்றுபோனால் பணம் கட்டுகிறவனுக்கு லாபமே. பணம் பையில் இருக்கும். ஓடுகிற குதிரையின் கதி அப்படியல்ல.

இங்கிலாந்தில் தடை தாண்டும் பந்தயங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் நடப்பவை. 1962 டிசம்பர் கடைசியில் தரை கல்லாய் உறைந்தது; 1963 மார்ச்சு வரையில் அங்கே அநேகமாகப் பந்தயமே இல்லை. அதற்காகக் குதிரையைச் சும்மா கட்டிப் போடலாமா? ஓடாவிட்டால் உடல் தளரும். உறைந்த தரையில் ஓடினாலோ கால் போய்விடும். ஆகவே வைக்கோலை வட்டமாகப் பரப்பி அதன்மேல் நடத்தினார்கள். சிலர் கடற்கரை மணலுக்குக் கொண்டுபோனார்கள். தீனிச் செலவு ஒரு நாளும் நிற்கவில்லை. சவாரிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஜாக்கிகள் பாடு திண்டாட்டந்தான்.

பரீட்சை தள்ளிப்போனால் நம் மாணாக்கர் குதூகலித்துவிட்டு, மறு மாதம் எழுதுவார்கள். குதிரைக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் நல்ல பருவம் சில வருஷங்களே. அயர்லாந்துக் குதிரையான இஸ்தாப்ராக், செல்டன்ஹாமில் நடக்கும் சாம்பியன் ஹர்டில் பந்தயத்தை 1998, 1999, 2000 ஆகிய மூன்று வருஷங்களிலும் வென்றது. நான்காம் முறை, 2001-ல், கோமாரி நோயின் காரணமாக அங்கே பந்தயங்கள் யாவும் ரத்தாயின. (குதிரைக்கு அந்நோய் வராது, ஆனால் மனிதர் காலிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு மாடு ஆடுகளுக்குப் பரவும்.) மறு வருஷம் இஸ்தாப்ராக் வந்தபோது அதற்கு வயது பத்து. இரண்டு தடைகள் தாண்டியதுமே ஜாக்கி கடிவாளத்தை இழுத்து நிறுத்திவிட்டார். பணம் கட்டித் தோற்ற கூட்டம் கூச்சலிடவில்லை. எழுந்து நின்று கைதட்டிற்று.