நீளவும் விடல, வளையவும் விடல!

'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்'ல அரியர் வெச்சிருக்கும் மக்களே, அடுத்த தடவை ரயில்ல போறப்ப காதைத் தீட்டிக்குங்க. பழைய பாதைன்னா 'தடக் தடக்'. தண்டவாளம் வெயில்ல நீளட்டும்னு துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டிருப்பாங்க. தாராளமா நீள இடமிருந்தா ஸ்ட்ரெய்ன் உண்டு, ஸ்ட்ரெஸ் ஜீரோ! இதுல கோட்டை விட்டுத்தான் நானும் அரியர் வாங்கினேன்.

இப்போ மெயின் லைன்ல வெல்டிங் பண்ணிடறாங்க. சத்தமில்ல, ஆனா, நடுப்பகுதி நீளவும் வழியில்ல. ஸ்லீப்பரும் ஜல்லியும் இறுக்கிப் பிடிச்சிருக்கும். எஃகுக்கு 200 ஜிகாபாஸ்கல், டிகிரிக்கு 0.000012... பெருக்குங்க. டிகிரிக்கு 2.4 மெகாபாஸ்கல். பொருத்தினப்ப இருந்ததைவிட 30 டிகிரி ஏறினா 72. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்துல அது சுமார் 55 டன் அமுக்கம், பாஸ்! ஜல்லி தளர்ந்தா பாதை பாம்பா நெளிஞ்சிடும்.

நீளம் எங்கேன்னு தேடாதீங்க. ரெண்டு முனையும் அசையலைன்னா 10 மீட்டரோ, 10 கிலோமீட்டரோ, ஸ்ட்ரெஸ் ஒண்ணுதான்.

'சப்போர்ட் 1 மி.மீ. விலகுது'ன்னு கேட்டா மட்டும் நீளம் வேணும். மொத்த நீட்சியில அந்த 1 மி.மீ.யைக் கழிங்க. மிச்சத்தை நீளத்தால வகுத்து, 200 ஜிகாபாஸ்கலால பெருக்குங்க.