கரன்ட் போனால் மறந்துபோகும் சர்வர்!

மங்கலம்பேட்டையில் என் சித்தப்பா கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். வாசல்வரை கூட்டம். சென்னையிலிருக்கும் எனக்கு போன்: ‘‘ஏம்மா, ஏற்கெனவே வீடியோ கால்ல இருக்கற பையன் பேசிக்கிட்டே இருக்கான். புதுசா எந்தப் பக்கமும் திறக்கலையே!’’

அந்தப் புதிர்லயே விடை இருந்தது. சென்டரின் இணையம் முழுக்க, ஃபயர்வாலாக மாற்றப்பட்ட ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. ஃபயர்வால் என்பது நோட்டு வைத்திருக்கும் வாட்ச்மேன். யார் எங்கே போனார் என்று ஒவ்வோர் இணைப்பையும் எழுதிக்கொள்வார். அந்த நோட்டுதான் ‘கான்ட்ராக்’ என்கிற கெர்னல் மாட்யூல். எங்கள் பெட்டியில் 65,536 வரிகள். ஒழுங்காக முடிக்கப்படாத இணைப்பை வழக்கமாக 4,32,000 விநாடிகள், அதாவது 5 நாள் அழிக்காமல் வைத்திருக்கும். யாரோ டோரன்ட் ஓட்டியிருக்கிறார்கள், நோட்டு நிறைந்துவிட்டது. பழையவர்கள் உள்ளே இருக்கலாம், புதியவர்களுக்கு இடமில்லை.

போனிலேயே சொல்லிச் சொல்லி, எண்ணிக்கையை 2,62,144 ஆக்கினோம். சரியானது. மாலை கரன்ட் போனது, யுபிஎஸ்ஸும் கைவிட்டது. சர்வர் திரும்ப எழுந்தபோது மறுபடி 65,536!

ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் செய்த மாற்றம் நினைவகத்தில்தான் இருக்கும். விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: சூளையில் வைக்காத அகல் விளக்கு, தண்ணீர் பட்டால் கரையத்தானே செய்யும்?

‘சிஸ்சிடிஎல்’ ஃபைலில் எழுதி வைத்தேன். அடுத்த கரன்ட் கட்டில் அதுவும் பலிக்கவில்லை. இங்கேதான் நானும் ஒருநாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சர்வர் எழும்போது அந்த ஃபைலைப் படிக்கும் நேரத்தில் கான்ட்ராக் மாட்யூலே வந்திருக்காது. ஆளே வராத வீட்டில் சாப்பாடு பரிமாறிய கதை! பிறகு ஃபயர்வால் விதிகள் மாட்யூலை அழைத்துவரும். அது பழைய கணக்கோடு உட்கார்ந்துகொள்ளும்.

தீர்வு, இடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் ‘மாட்யூல்ஸ்-லோட்.டி’. அதில் ஒரு ஃபைல் வைத்து மாட்யூலின் பெயரை மட்டும் எழுதினால் போதும், சிஸ்சிடிஎல்லுக்கு முன்பே அது வந்துவிடும். நோட்டைப் பெரிதாக்கினால் அதன் அட்டவணையும் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் தேடுவது மெதுவாகும். அந்த ‘ஹாஷ்சைஸ்’ அளவை ‘மாட்ப்ரோப்.டி’ ஃபோல்டரில், ‘ஆப்ஷன்ஸ்’ என்று தொடங்கும் ஒரே வரியில் எழுத வேண்டும். இரண்டு இடத்திலும் ஃபைல் பெயர் ‘.கான்ஃப்’ என்று முடிய வேண்டும். இல்லையென்றால் சத்தமே இல்லாமல் ஒதுக்கிவிடும்.

இணையத்தில் பழைய குறிப்புகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2001-ல் வந்த லினக்ஸ் 2.4 காலத்தில் ‘மாட்யூல்ஸ்.கான்ஃப்’, 2.6-ல் ‘மாட்ப்ரோப்.கான்ஃப்’, இப்போது ஃபோல்டர். சுவாரஸ்யம் என்னவென்றால், லினக்ஸ் ஃபயர்வாலின் அடிப்படையான நெட்ஃபில்டரைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் ரஸ்டி ரஸ்ஸல்தான், 2.6-க்காக மாட்யூல் ஏற்றும் முறையையும் மாற்றி எழுதியவர். நம்மைச் சுற்றவிட்டதும் அவரே, காப்பாற்றியதும் அவரே!

ஞாயிற்றுக்கிழமை, கூட்டமில்லாத நேரத்தில் ஊருக்குப் போய் நாங்களே ரீபூட் செய்து பார்த்தோம். 2,62,144.

சித்தப்பா நம்பவில்லை. ‘‘இன்னொரு வாட்டி ஆஃப் பண்ணும்மா’’ என்றார்.