இரண்டு ஊழியம், ஒரு சம்பளம்

"ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்" என்று நம் பெரியோர் சொல்வது, எந்தக் காரியத்திலும் உறுதியாக நில்லாதவனைப் பற்றி. ஆனால் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு காலை நன்றாக ஊன்றிக்கொண்டு, இரண்டு இடத்துக்கும் நன்மை செய்கிறவர்களும் உலகில் உண்டு. சர்வகலாசாலை நூல்நிலையங்களில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே மாணாக்கர்களுக்குப் பாடமும் சொல்லும் சிப்பந்திகள் அந்த வகையைச் சேர்ந்தவர்கள். காலையில் நூல்களை வகைப்படுத்தி, பகலில் வந்தவர்களுக்கு வேண்டியதைத் தேடிக் கொடுத்து, மாலையில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் இவர்களைப் பற்றி வெளியுலகம் அதிகமாக அறியாது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களாவது இவர்களைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது தகும்.

இந்த வழக்கம் இன்று நேற்று உண்டானதன்று. அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா கல்லூரியின் நூல்நிலையத் தலைவராயிருந்த மெல்வில் டூயி என்பவர், 1887-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நூல்நிலையத் தொழிலைக் கற்பிப்பதற்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பில் சேர்ந்த 20 பேரில் 17 பேர் ஸ்திரீகள். ஆண்களுக்கே உரியதாயிருந்த அக்கல்லூரியில் பெண்களைச் சேர்த்ததை நிர்வாகிகள் விரும்பவில்லை. வகுப்பறை கொடுக்க மறுத்துவிட்டார்கள். டூயி சளைக்காமல், சாமான் போட்டு வைத்திருந்த ஓர் அறையைத் துப்புரவாக்கி அதிலே பாடத்தை ஆரம்பித்தார். போதித்தவர்களில் பலர் அவருடைய நூல்நிலையத்துச் சிப்பந்திகளே. இரண்டு வருஷங்களுக்குப் பின் அப்பள்ளி கொலம்பியாவை விட்டு ஆல்பனி நகரத்துக்குப் போய்விட்டது. ஆனால் அங்கே மூட்டிய விளக்கு அணையவில்லை.

இதிலே நம் தேசத்தார் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் நூல்நிலையப் பள்ளி ஏற்பட்டது 1919-ல். அதற்கு எட்டு வருஷங்களுக்கு முன்பே, 1911-ல், பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட், அமெரிக்கரான போர்டன் என்பவரைக் கொண்டு தம் சமஸ்தானத்தில் நூல்நிலையப் பயிற்சி வகுப்பு நடத்துவித்தார். 1915-ல், அன்று பிரிவினைப்படாத பஞ்சாபின் தலைநகராயிருந்த லாகூரில், பஞ்சாப் சர்வகலாசாலை நூல்நிலையத்தைச் சீர்படுத்த வந்த ஆஸா டான் டிக்கின்ஸன், அந்த வேலையோடு வேலையாக ஒரு வகுப்பையும் நடத்தினார். அவர் டூயி ஸ்தாபித்த பள்ளியின் மாணவர். லாகூர் வகுப்பிலே பயின்றவர் அஸதுல்லா. அவர் பின்னர் கல்கத்தா இம்பீரியல் நூல்நிலையத்தின் தலைவராகி, 1935-ல் அங்கே தாமே ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். இது ஒரு குரு சிஷ்ய பரம்பரை. இந்தப் பரம்பரையில் ஒருவருக்கும் உபாத்தியாயர் என்பது முதல் உத்தியோகமாக இருக்கவில்லை.

நம் சென்னையின் கதை இவற்றிலும் சுவையானது. சீர்காழியில் 1892-ல் பிறந்த ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன், முதலில் கணித ஆசிரியர். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜிலும் கணக்குப் போதித்தவர், 1924 ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலையின் நூல்நிலையத் தலைவரானார். போன ஒரு வாரத்திற்குள்ளாகவே அந்த வேலையின் தனிமை பொறுக்காமல், மறுபடியும் வகுப்பறைக்கே அனுப்பிவிடும்படி மன்றாடினாராம். "முதலில் இங்கிலாந்து போய்ப் பார்த்து வாரும், பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம்" என்ற கருத்தில் அவரைச் சமாதானம் செய்து அனுப்பினார்கள்.

லண்டனில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர் பெர்விக் ஸேயர்ஸ். இவரோ குராய்டன் நகர நூல்நிலையத்தின் தலைவர். உத்தியோகம் குராய்டனில், உபந்நியாசம் லண்டனில். காலையில் தம் நூல்நிலையத்தில் கண்டதை மாலையில் பாடமாகச் சொல்லக் கூடிய ஒருவரிடம் படித்த ரங்கநாதனுக்கு, இரண்டு ஊழியமும் ஒன்றையொன்று போஷிக்கும் என்பது விளங்கியிருக்க வேண்டும். 1925-ல் திரும்பி வந்தவர், வகுப்பறையைப் பற்றிய ஏக்கத்தை விட்டுவிடவில்லை. அதை நூல்நிலையத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். 1928-ல் சென்னை நூல்நிலையச் சங்கம் தோன்றிற்று. 1929-ல் அதன் ஆதரவில் கோடைக்கால வகுப்பு ஆரம்பமாயிற்று. 1931-ல் சர்வகலாசாலையே அதை ஏற்றுக்கொண்டது. 1937-ல் அது பட்டதாரிகளுக்கான ஒரு வருஷ டிப்ளமாவாக உயர்ந்தது. இத்தனை காலமும் நூல்நிலையத் தலைவர் பதவியை வகித்துக்கொண்டே அவர் பாடமும் சொல்லி வந்தார்.

அதன் பலன் என்ன? நூல்நிலையத்துக்கான ஐந்து விதிகளைக் கூறும் அவருடைய நூல் 1931-ல் வெளிவந்தது. கோலன் என்னும் முக்காற்புள்ளியை வைத்து நூல்களை வகைப்படுத்தும் அவருடைய முறை 1933-லும், அட்டவணை தயாரிக்கும் விதிகள் 1934-லும், வகைப்படுத்தலின் தத்துவம் 1937-லும் அச்சேறின. வருஷந்தோறும் புதிய மாணாக்கர்கள் எதிரே உட்கார்ந்து "ஏன்?" என்று கேளாதிருந்தால், இத்தனையும் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

மேஜையருகில் கற்ற பாடம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சிறு திருஷ்டாந்தம் சொல்கிறேன். வேப்பிலையின் மருத்துவக் குணங்களைப் பற்றி ஒரு நூல் வருகிறது. அதை மரஞ்செடி சாஸ்திரத்தில் வைப்பதா, வைத்தியத்தில் வைப்பதா, பயிர்ப் பூச்சிகளை ஒழிப்பது பற்றியும் அதில் இரண்டு அத்தியாயம் இருப்பதால் விவசாயத்தில் வைப்பதா? சூத்திரத்தை மட்டும் படித்தவர் ஒரு பதிலைச் சொல்லிவிடுவார். நூல்நிலையத்தில் உட்கார்ந்தவருக்கோ, அத்தகைய நூலைக் கேட்டு யார் யார் வந்தார்கள், எந்த அலமாரிக்கு முன்னால் நின்று ஏமாந்து திரும்பினார்கள் என்பது தெரியும். அந்த அறிவோடு அவர் சொல்லும் பாடம் மாணாக்கனின் மனத்தில் தங்கும்.

இவ்வளவும் ஒரு பக்கம். மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ரங்கநாதன் தினம் 13 மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும், இருபது வருஷம் விடுமுறையின்றி உழைத்தார் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுவர். விவாக தினத்தன்றே பிற்பகலில் நூல்நிலையத்துக்குத் திரும்பிவிட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. இது அவருடைய தவம், நாம் வணங்குகிறோம். ஆனால் ஒருவர் தாமே விரும்பிச் செய்த தவத்தை மற்றவர்களுக்குச் சட்டமாக்குவது தர்மமாகாது. "ரங்கநாதன் செய்யவில்லையா? நீங்களும் செய்யுங்கள்" என்று குடும்பமும் கடனும் உள்ள ஒரு உதவி நூல்நிலையச் சிப்பந்தியிடம் சொல்வது, மலையைக் காட்டி மூட்டையைத் தலையில் ஏற்றுவது போலாகும்.

ரங்கநாதனே அப்படிக் கருதவில்லை என்பதற்கு அவர் செய்கையே சாட்சி. தம் வாழ்நாட் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை 1950-களில் சென்னைச் சர்வகலாசாலைக்குக் கொடுத்து, தம் மனைவியாரின் பெயரையும் சேர்த்து, நூல்நிலைய சாஸ்திரத்துக்கென்று ஒரு பேராசிரியர் பதவிக்கு மூலதனம் வைத்தார். உத்தியோகத்தின் இடுக்கிலே பாடம் சொல்லி ஆயுளைக் கழித்தவர், தமக்குப் பின் வருகிறவர்களுக்குப் பாடம் சொல்வதே உத்தியோகமாக இருக்கட்டும் என்று எண்ணினார் போலும்!

இன்றைய நிலை என்ன? சர்வகலாசாலை மானியக் கமிஷன், ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேருகிற ஒவ்வொருவரும் ஆராய்ச்சி ஒழுக்கத்தையும் பிரசுர ஒழுக்கத்தையும் பற்றி 30 மணி நேரப் பாடம் கேட்க வேண்டும் என்று 2019-ல் விதித்தது. பிறர் எழுத்தைத் திருடாமலிருப்பது, போலிச் சஞ்சிகைகளை இனங்காண்பது, தகவல் களஞ்சியங்களில் தேடுவது ஆகிய இவையெல்லாம் நூல்நிலையத்தார் நன்கறிந்த விஷயங்கள். ஆகவே அவர்களை அழைக்கிறார்கள். அழைப்பது நியாயமே. ஆனால் கணக்கு எப்படி எழுதப்படுகிறது? அதே கமிஷன் 2018-ல் வகுத்த விதிகளில், உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி, அவருக்கு மேற்பட்டவர்களுக்கு 14 மணி என்று போதனை நேரம் திட்டமாக இருக்கிறது. நூல்நிலையத் தலைவரையும் உதவியாளரையும் மதிப்பிடும் பட்டியலிலோ, நூல்நிலையத்துக்கு ஒழுங்காக வருகிறாரா என்பதே முதல் அளவு. கருத்தரங்குக்கும் பயிற்சிக் கூட்டத்துக்கும் அதில் இடமுண்டு. வாரந்தோறும் நடத்தும் பாடத்தின் மணிக்கணக்கு இல்லை. சம்பள விகிதத்தில் ஆசிரியர்களோடு சமானம் பெற்றவர்களுக்கே இப்படியென்றால், அதற்குக் கீழ்ப்பட்ட சிப்பந்திகளைப் பற்றிக் கேட்கவேண்டியதில்லை.

"மகிழ்ச்சியோடுதானே செய்கிறார்கள்?" என்று நிர்வாகிகள் கேட்கலாம். மகிழ்ச்சி உண்மைதான். ஆனால் உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும்: வகுப்பிலே நிற்கும் ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் ஆயத்தம் செய்யும் இரண்டு மணி நேரமும், தாள் திருத்தும் ஒரு மணி நேரமும் மறைந்திருக்கின்றன. அந்த நேரத்தை யாராவது கொடுத்தே ஆகவேண்டும். நூல்நிலையத்து மேஜை கொடுத்தால், அங்கே நூல் கேட்டு நிற்கும் மாணாக்கன் காத்திருக்கிறான். சிப்பந்தியின் வீடு கொடுத்தால், அங்கே அவர் குழந்தை காத்திருக்கிறது. பதவிகள் காலியாகக் கிடந்து, மூவர் வேலையை ஒருவர் பார்க்கும் இடங்களில் இரண்டு பேருமே காத்திருக்கிறார்கள். ஏட்டிலே செலவில்லை என்று எழுதியதால் செலவில்லாமற் போய்விடாது.

வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வைத்தியக் கல்லூரிகளைப் பாருங்கள். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து 1835-ல் மருத்துவப் பள்ளி ஏற்பட்ட நாள் முதல், நோயாளியின் கட்டிலருகில் நின்று சிகிச்சை செய்யும் டாக்டரே மாணாக்கர்களைச் சுற்றி நிறுத்திப் பாடமும் சொல்கிறார். அது அவருடைய ஓய்வு நேரத்து உபகாரம் என்று யாரும் சொல்வதில்லை. பேராசிரியர் என்ற பெயரோடும் சம்பளத்தோடும் அது அவர் கடமையிலேயே அடங்கியிருக்கிறது. நோயாளியை விட்டு வைத்தியப் பாடத்தைப் பிரிக்கக் கூடாது என்றால், வாசகனை விட்டு நூல்நிலையப் பாடத்தையும் பிரிக்க வேண்டாம். அதே மரியாதையை மட்டும் கொடுத்தால் போதும்.

சர்வகலாசாலைகள் செய்யவேண்டியவை மூன்று. பாடம் சொல்லும் சிப்பந்தியின் பெயரும் நேரமும் கால அட்டவணையில் ஏற வேண்டும். அந்த மணிகளும் ஆயத்த மணிகளும் அவருடைய நூல்நிலைய வேலையிலிருந்து கழிக்கப்பட்டு, அவ்விடத்துக்கு வேறு ஆள் நிற்க வேண்டும். அது இயலாதபோது தனி வேதனம் கொடுக்கப்பட வேண்டும். பதவி உயர்வின்போது அவ்வுழைப்பு எண்ணப்படவும் வேண்டும்.

ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி ரங்கநாதனின் நினைவாக நூல்நிலையத்தாரின் தினம் தேசமெங்கும் கொண்டாடப்படுகிறது. அன்று அவர் படத்துக்கு மாலை போடுவார்கள், உபந்நியாசங்கள் நடக்கும். அந்த மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர்கள், தங்கள் நூல்நிலையத்தில் யார் எத்தனை மணி நேரம் பாடம் சொல்கிறார்கள் என்ற கணக்கை ஒருமுறை வரவழைத்துப் பார்ப்பார்களானால், அந்த மாலையைவிடச் சிறந்த மரியாதையை அவருக்குச் செய்தவர்களாவார்கள்.