பச்சை மரவள்ளிக்கிழங்கு: எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் தின்னவோ, சாறெடுத்துக் குடிக்கவோ கூடாது. பக்குவமாக வேகவைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். 'சமைக்காத உணவே சத்து' என்ற பேச்சு பரவிவரும் வேளையில், எங்கள் நுகர்வோர் அமைப்பு இதைத் தெளிவுபடுத்த விரும்புகிறது.

அடிப்படை

கிழங்கில் சுமார் 60 விழுக்காடு நீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. புரதம் மிகக் குறைவு. இவற்றோடு லினமாரின் என்ற சயனைடு சேர்மமும் உண்டு. அதைச் சிதைக்கும் லினமாரேஸ் நொதி தனியே, செல் சுவரில் இருக்கிறது. கடிக்கும்போதும் துருவும்போதும் செல்கள் உடைந்து இரண்டும் கலக்க, ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. சதையைவிடத் தோலிலும் இலையிலும் இந்தச் சேர்மம் அதிகம். மரவள்ளித் தழையை மேய்ந்த ஆடுகள் சாவது இதனால்தான்.

தலைச்சுற்றல், வாந்தி, வயிற்றுவலி என்று தொடங்கும் நஞ்சேற்றம் உயிரையும் பறிக்கலாம். 2017இல் உகாண்டாவின் கசேசே மாவட்டத்தில் மரவள்ளி மாவுக் களி தின்ற 98 பேர் பாதிக்கப்பட்டு, இருவர் இறந்தனர். 1981 வறட்சியில் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில், சரியாகப் பதப்படுத்தாத கசப்புக் கிழங்கையே நம்பி வாழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் முடங்கின. சயனைடை முறிக்க உடலுக்குக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் தேவை. புரதமற்ற உணவில் அவை கிடைப்பதில்லை. பருப்போ மீனோ சேர்த்து, நன்கு வேகவைத்த கிழங்கை உண்பவர்கள் இந்த முடக்கத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

சமையல்

லினமாரின் கொதியில் எளிதில் சிதையாது. நீரில் கரைந்து வெளியேறும். ஆகவே மேல்தோலோடு அதன் அடியிலுள்ள தடித்த பட்டையையும் உரித்து, சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, நீரை வடித்துக் கொட்ட வேண்டும். முழுதாகச் சுடுவதும் ஆவியில் அவிப்பதும் போதாது. கசக்கும் கிழங்கை ஒதுக்கிவிடுங்கள். கசக்கவில்லை என்பதாலேயே பச்சையாகத் தின்னலாம் என்றும் எண்ணாதீர்கள்.

கோரிக்கைகள்

1. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைக்கென விளையும் ரகங்கள் மாவுச்சத்துக்காகத் தேர்வானவை. எம்-4 போன்ற சமையல் ரகங்களில் சயனைடு குறைவு. தோற்றத்தை வைத்து இவற்றைப் பிரித்தறிவது வாங்குபவருக்குக் கடினம்; கடைகளில் ரகத்தின் பெயரை எழுதி வைக்க வேண்டும்.

2. பொட்டல மரவள்ளி மாவு, கிலோவுக்கு 10 மில்லிகிராம் சயனைடு என்ற கோடெக்ஸ் (பன்னாட்டு உணவுத் தர நெறி) உச்சவரம்புக்குள் இருப்பதைச் சோதித்த பிறகே விற்பனைக்கு வர வேண்டும்.

3. பச்சைச் சாற்றை மருந்தென்று விளம்பரப்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

கிழங்குக்குத் தடை கேட்பதை நாங்கள் ஏற்கவில்லை. இக்கிழங்கிலிருந்து செய்யும் ஜவ்வரிசி மீதும் அச்சம் வேண்டாம்: மாவுப்பாலை அலசி, படியவைத்து, வறுத்து உலர்த்துவதில் நஞ்சின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. ஆலைக் கழிவுநீரைக் கால்நடைகள் குடிக்காமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

பச்சைக் கிழங்கு தின்றவருக்கு மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். என்ன தின்றார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.