மாறிப் போனவர்கள் எங்கே போனார்கள்?

2023 டிசம்பரில் ஒன்றியக் கல்வித்துறை இணை அமைச்சராக இருந்த சுபாஸ் சர்க்கார் மக்களவையில் ஒரு கணக்கை வைத்தார். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்களில் இருந்து மட்டும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் 4,596 பேர், பட்டியல் சாதி மாணவர்கள் 2,424 பேர், பழங்குடி மாணவர்கள் 2,622 பேர் படிப்பைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். ஐ.ஐ.டி.களையும் ஐ.ஐ.எம்.களையும் சேர்த்தால் மொத்தம் 13,626 பேர்.

இந்த எண் அப்போது சமூக ஊடகங்களில் பரவலாகச் சுற்றியது. நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள். எனக்கு எண்ணைவிட அதோடு சேர்த்துச் சொல்லப்பட்ட காரணம்தான் மறக்கவில்லை. உயர்கல்வியில் மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருக்கின்றன, ஒரு நிறுவனத்தில் இருந்து இன்னொன்றுக்கும் ஒரு படிப்பில் இருந்து இன்னொன்றுக்கும் மாறிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் விரும்பிய இடம் கிடைத்ததாலோ சொந்தக் காரணங்களாலோதான் போகிறார்கள் என்பது அமைச்சரின் விளக்கம். அதாவது, அவர்கள் படிப்பை விடவில்லையாம். இடம் மாறியிருக்கிறார்களாம்.

இடம் மாறியவள் நான். தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் ஆய்வு மையத்தில் பி.எச்டி. பதிவு செய்து, இரண்டரை ஆண்டு கழித்துச் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத் துறைக்கு வந்தவள். ஆகவே இந்தப் பதிலை நான் கொஞ்சம் அக்கறையோடுதான் படித்தேன். உண்மையிலேயே நல்ல இடம் கிடைத்து மாறிப் போனவர்களும் அந்த 13,626 பேரில் இருப்பார்கள், மறுக்கவில்லை. என் விடுதியிலேயே அப்படி ஒருத்தி இருந்தாள். முதல் பருவம் முடிவதற்குள் வேறு பல்கலைக்கழகத்தில் அவள் கேட்ட பாடம் கிடைத்தது, பெட்டியைக் கட்டினாள், போனாள். அவளுடைய அப்பா வங்கி அதிகாரி. இரண்டு இடத்திலும் கட்டணத்தைக் கட்ட முடிந்தது.

மற்றவர்களுக்கு எப்படி? அமைச்சரின் பதிலுக்குப் பக்கத்தில் இன்னொரு தாளை வைத்துப் படியுங்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944ல் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால்தான் கிடைக்கும். அதன் நெறிமுறைகளில் பல காலமாக இருந்துவந்த ஒரு நிபந்தனை இது: உதவித்தொகை பெறும் மாணவர் மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் பாடத்தையோ நிறுவனத்தையோ மாற்றினால் உதவித்தொகையை ரத்து செய்யலாம். நிறுவனத் தலைவர் அதை அரசுக்குத் தெரிவித்துப் பணத்தை நிறுத்த வேண்டும். அதுவரை கொடுத்ததையும் அரசு நினைத்தால் திரும்ப வசூலிக்கலாம். பி.ஏ. முடித்தவர் மனம் மாறி பி.காம். படிக்கப் போனால் அதற்கும் உதவித்தொகை கிடையாது.

பல வாய்ப்புகள் இருக்கின்றன, மாறிக்கொள்கிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் சொல்வதும், மாறினால் பணத்தைத் திருப்பிக் கேட்போம் என்று நெறிமுறையில் எழுதுவதும் ஒரே அரசுதான். இந்த நிபந்தனை மோசடியைத் தடுக்கத்தான் என்பார்கள். மோசடி நடந்திருக்கிறது, உண்மை. இமாசலப் பிரதேசத்தில் மாணவர்கள் பெயரில் உதவித்தொகையைச் சுருட்டியதாக 2019ல் சி.பி.ஐ. வழக்கே பதிந்தது. ஆனால் அதில் மாட்டியவை தனியார் கல்வி நிறுவனங்கள். கல்லூரி முதலாளி செய்யும் திருட்டைத் தடுக்க மாணவர் காலில் கயிறு கட்டுவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இனி ஆய்வுப் படிப்புக்கு வருகிறேன். இங்கே மாறுவது இன்னும் சிக்கல். பழைய வழிகாட்டி தடையில்லாச் சான்று தர வேண்டும். ஆய்வுக் குழு பரிந்துரைக்க வேண்டும். புதிய இடத்தில் ஒரு வழிகாட்டி சம்மதிக்க வேண்டும், அவரிடம் காலியிடமும் இருக்க வேண்டும். யு.ஜி.சி. விதிப்படி பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6 பேர், உதவிப் பேராசிரியருக்கு 4 பேர், அவ்வளவுதான். இதில் எல்லாவற்றையும்விடக் கடினமானது முதல் கையெழுத்து. யாரிடம் இருந்து தப்பிக்க நினைக்கிறோமோ அவரே அனுமதி கொடுத்தால்தான் தப்பிக்க முடியும். சிறைக்கூட இப்படி இருக்காது, அங்கே சாவி வேறொருவரிடம் இருக்கும்.

என் அத்தியாயங்கள் பதினோரு மாதம் ஒருவருடைய மேசையில் கிடந்தன. கேட்டால் கிடைத்த பதில்: "உங்களுக்கெல்லாம் ஃபெலோஷிப் வருதே, என்ன அவசரம்?" அந்த 'உங்களுக்கெல்லாம்' யார் என்று இந்த இணையதளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என்னோடு பதிவு செய்த மற்ற இருவரின் கட்டுரைகள் அதே மேசையில் இருந்து இரண்டு வாரத்தில் திரும்பி வந்தன.

மாறுவது என்று முடிவெடுத்து அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த எழுத்தர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, கல்யாணம் ஆகிடுச்சா?" இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு மாத்திட்டுப் போற?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விதியைத்தான் அவர் பேசினார். 2016ல் வந்த யு.ஜி.சி.யின் பி.எச்டி. விதிமுறையிலும் 2022ல் வந்த விதிமுறையிலும் இடம்பெயர்வு பற்றி ஒரு பிரிவு உண்டு. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம்பெயரும் பெண் ஆய்வாளர் தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்கிறது அது. நல்ல பிரிவுதான், எனக்கும் உதவியது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஓர் ஆய்வாளர் எதற்காக இடம் மாறுவார் என்று நினைத்துப் பார்த்தபோது விதி எழுதியவர்களுக்குப் பெயர் சொல்லத் தோன்றிய ஒரே காரணம் திருமணம். புருஷன் ஊருக்குப் போகிறேன் என்றால் வழி இருக்கிறது. சாதி சொல்லி அவமானப்படுத்துகிறார்கள், போகிறேன் என்றால் அதற்கு அங்கே ஒரு சொல்கூடக் கிடையாது. ஆண் ஆய்வாளராக இருந்தால் அந்தப் பிரிவும் இல்லை.

விண்ணப்பத்தில் காரணம் எழுத ஒரு வரி இருந்தது. நடந்ததை எழுதிக் கொடுத்தேன். இப்படி எழுதினால் கையெழுத்து வாங்க முடியாது, சான்றும் வராது என்று திருப்பிக் கொடுத்தார்கள். "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். மூன்றே நாளில் தடையில்லாச் சான்று வந்தது.

இப்போது அமைச்சரின் பதிலை மறுபடி படியுங்கள். 'சொந்தக் காரணங்கள்' அதில் எப்படி வந்திருக்கும்? நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தால் அமைச்சகம் பல்கலைக்கழகங்களைக் கேட்கும், பல்கலைக்கழகம் துறைகளைக் கேட்கும், துறை கோப்பைத் திறந்து பார்க்கும். கோப்பில் இருப்பது மாணவர் தன் கைப்பட எழுதிய வரி. ஒவ்வோர் அலுவலகத்திலும் இப்படி எழுத வைக்கப்பட்ட வரிகள் மேலே போய்ச் சேரும்போது அரசின் விளக்கமாகின்றன. அமைச்சர் பொய் சொன்னார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். உண்மை கோப்புக்குள் நுழையாமல் வாசலிலேயே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது.

2012லேயே உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்கான விதிமுறைகளை யு.ஜி.சி. கொண்டுவந்துவிட்டது. சமவாய்ப்பு மையம், பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்த ஆய்வாளர் அடுத்த மாதக் கையெழுத்துக்கு அதே வழிகாட்டியின் அறை வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்குப் பயந்துதான் பலர் புகாரே கொடுப்பதில்லை.

கையெழுத்து என்றதும் பணம் ஞாபகத்துக்கு வருகிறது. ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37,000 ரூபாய். கேட்பவர்களுக்குப் பெரிய தொகையாகத்தான் தெரியும். அது தானாக வருவதில்லை. மாதாமாதம் கனரா வங்கியின் இணையப் பக்கத்தில் நிறுவனத்தின் 'மேக்கர்' ஒருவர் பதிவு செய்து, 'செக்கர்' ஒருவர் உறுதி செய்தால்தான் கணக்குக்கு வரும். நிறுவனம் மாறினால் பழைய இடம் விடுவிக்க வேண்டும், புதிய இடம் தன் பட்டியலில் சேர்க்க வேண்டும். எனக்கு அந்த இடைவெளி ஏழு மாதம். நிலுவை பிற்பாடு மொத்தமாக வந்தது. ஆனால் மெஸ் பில்லும் வீட்டில் அம்மாவின் மருந்துச் செலவும் மொத்தமாகப் பிற்பாடு வருவதில்லையே. ரோஹித் வெமுலாவுக்கும் ஏழு மாத ஃபெலோஷிப் வராமல்தான் இருந்தது என்பதை அந்த நாட்களில் நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

இளங்கலை மாணவர்கள் நிலை வேறு மாதிரி. அங்கே பூட்டு டி.சி.யில் இருக்கிறது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே தருவதற்கு 2012ல் அரசாணை 92 வந்தது. அரசுப் பணம் தாமதமானால் கல்லூரி அரசோடு சண்டை போடாது. மாணவரின் சான்றிதழை எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரில் தெளிவாக அறிவித்திருக்கிறது. டி.சி. என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல என்று பள்ளிகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னது. இந்த இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

இதற்கெல்லாம் தீர்வு வந்துவிட்டது என்கிறார்கள். 2021 ஜூலையில் யு.ஜி.சி. கொண்டுவந்த கிரெடிட் வங்கி. படித்த பாடங்களின் கிரெடிட்டுகள் மாணவர் பெயரில் சேமிப்பில் இருக்கும், ஏழு ஆண்டு வரை செல்லும், எங்கே போனாலும் எடுத்துப் போகலாம். பட்டம் தரும் நிறுவனத்தில் பாதிக் கிரெடிட்டாவது எடுத்திருந்தால் போதும். மாறும் உரிமையைக் கேட்கிற நான் இதை வரவேற்கத்தானே வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார்.

கிரெடிட் போகிறது, சரி. கூடவே உதவித்தொகை போகிறதா? விடுதி அறை போகிறதா? பருவம் தவறிச் சேரும் மாணவருக்கு அங்கே இடஒதுக்கீட்டின்படி ஓர் இடம் காத்திருக்குமா? இவை இல்லாமல் கிரெடிட்டை மட்டும் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? இதைவிட எனக்குக் கவலை தருவது தேசியக் கல்விக் கொள்கையின் 'வெளியேறும் வழிகள்'. முதல் ஆண்டோடு போனால் சான்றிதழ், இரண்டாம் ஆண்டோடு போனால் டிப்ளமோ. இனி விரட்டப்பட்டவர்கள்கூட எதையோ முடித்தவர்கள் ஆகிவிடுவார்கள். அடுத்த முறை நாடாளுமன்றத்தில் இதே கேள்வி கேட்கப்பட்டால் எண் குறைவாக வரும். கைதட்டுவார்கள்.

அண்ணல் அம்பேத்கரின் விடாமுயற்சியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அவருடைய படிப்பை ஓர் இடமாற்றக் கதையாகவும் படிக்கலாம். கொலம்பியாவில் இருந்து 1916ல் லண்டனுக்கு மாறுகிறார். 1917ல் பரோடாவின் உதவித்தொகைக் காலம் முடிகிறது, படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. இன்றைய கணக்கில் அவரும் இடைநின்றவர்தான். ஆனால் நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அனுமதி கொடுத்தது. சைடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணம், சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடன், இவற்றோடு 1920ல் திரும்பிப் போனார். 1921ல் எம்.எஸ்சி., 1923ல் டி.எஸ்சி. அந்த அனுமதிக் கடிதம் இல்லாவிட்டால் எத்தனை உழைத்திருந்தாலும் விட்ட இடத்தில் இருந்து தொடங்கியிருக்க முடியுமா? நூறு ஆண்டுக்கு முன் ஒரு வெள்ளைக்காரப் பல்கலைக்கழகம் செய்ததைத்தான் கேட்கிறோம். விட்டுப் போனவருக்காகக் கதவைத் திறந்து வைத்திருங்கள். உதவித்தொகையை நிறுவனத்தோடு கட்டாமல் மாணவரோடு அனுப்புங்கள். பாகுபாட்டுப் புகார் கொடுத்தவர் மாற விரும்பினால் தடையில்லாச் சான்று குற்றம் சாட்டப்பட்டவரின் கையில் இருக்கக் கூடாது, பல்கலைக்கழகமே தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. கிரெடிட் வங்கியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் சேர்ந்தார், எதற்கு மாறினார் என்பது இனி அரசின் கணினியிலேயே பதிவாகும். அப்படியென்றால் மாறினார்கள் என்ற பதிலைச் சரிபார்ப்பது எளிது. 2021க்குப் பிறகு இடையில் விலகிய பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களில் எத்தனை பேரின் எண்கள் வேறொரு நிறுவனத்தில் மறுபடி தென்பட்டிருக்கின்றன? எத்தனை எண்கள் அப்படியே நின்றுவிட்டன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கல்வி அமைச்சகத்துக்கு இந்தக் கேள்வியை எழுதியிருக்கிறேன், இந்த வாரம் அனுப்புகிறேன். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் தனியாக ஒன்று அனுப்புங்கள். துறை வாரியாகக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்.